கம்பத்துக்கு ஒன்று, மின்மாற்றிக்கு ஒன்று

ஆர்.எப்.ஐ.டி. வில்லைகள் (தொடாமலே வானலையால் வாசிக்கக்கூடிய, அடையாள எண் தாங்கிய சிறு சில்லுகள்) பற்றி வன்னி வாசகர்கள் கேட்டவற்றில் சில:

பழுதுபார்த்துக் கொடுக்கும் மின்மாற்றிகளில் மலிவான ஒட்டுவில்லைகளை ஒட்டினேன். கையில் வைத்துப் பார்க்கும்போது வாசித்த கருவி, மின்மாற்றியின் உலோகத் தாங்கியில் ஒட்டியதும் வாசிக்க மறுக்கிறது. ஏன்? (ஒப்பந்தகாரர், வவுனியா)

வில்லையில் பழுதில்லை. பற்றரி இல்லாத இந்த வகை, வாசிப்புக் கருவி அனுப்பும் அலையிலிருந்தே தனக்கு வேண்டிய சக்தியை எடுக்கிறது. உலோகத்தோடு ஒட்டிக்கிடந்தால் அதன் அன்ரனாவின் இசைவு குலைந்து, அந்தச் சக்தி போதாமல் போய்விடும். உலோகத்துக்கென்றே விற்கும் வில்லைகளை வாங்குங்கள். விலை கூடத்தான். யு.எச்.எப். (மீயுயர் அதிர்வெண்) வகையானால் நல்ல கருவியோடு நிலத்தில் நின்றபடியே சில மீட்டர் தொலைவில் வாசிக்கலாம். 33,000 வோல்ட் கம்பிக்குப் பக்கத்தில் யாரும் ஏற வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்கிறேன். வில்லையைக் கம்பத்தில் அடித்துவிட்டு மின்மாற்றியின் விவரங்களை அந்த வில்லையின் எண்ணில் பதிகிறார்கள். மின்மாற்றி எரிந்து வேறொன்று ஏறியதும், பழையதன் எண்ணெய்ச் சோதனை முடிவுகள் புதியதன் பெயரில் நிற்கும். கம்பத்துக்கு ஒன்று, மின்மாற்றிக்கு ஒன்று என்று வையுங்கள். எது எதில் இருக்கிறது என்பதைப் பதிவேடு சொல்லட்டும். மின்விநியோக நிறுவனத்தின் கம்பமென்றால் அனுமதி முதலில். தாங்கியில் துளை போடவே வேண்டாம், உள்ளே எண்ணெய். சாதாரண பிளாஸ்டிக் பட்டியால் கட்டினால் நம் வெயிலில் நொறுங்கிவிடும்.

கருவியை வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால் அலைவரிசையைப் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கான 902–928 மெகாஹெர்ட்ஸ் கருவி, கைப்பேசிகளின் 900 அலைவரிசைக்குள் கால்வைக்கும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கைப்பேசி சிக்னல் இல்லாத இடத்தில் பயன்படுமா? (முல்லைத்தீவு)

பயன்படும். வாசிக்க இணையம் தேவையில்லை. பதிவைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் செயலியாக இருந்தால் போதும்.

ஆலையிலுள்ள மின்பிறப்பாக்கி, மோட்டார்களின் பராமரிப்பு விவரங்களை வில்லையிலேயே தமிழில் எழுதி வைக்கலாமா? (அரிசி ஆலை, கிளிநொச்சி)

நான் எழுதமாட்டேன். கைப்பேசியால் வாசிக்கும் என்.எப்.சி. வில்லைகளில் பரவலான என்டேக் 213 என்ற வகையில் எழுத இருக்கும் இடம் 144 பைட். ஒருங்குறியின் யு.டி.எப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும்; எழுத்தோடு சேரும் புள்ளியும் காலும் தனிக் குறிகள். 'மோட்டார்' என்ற சொல்லுக்கே 24. அப்படி ஆறு சொல் எழுதினால் இடம் தீர்ந்தது! வில்லையில் எண் மட்டும் இருக்கட்டும், மிச்சம் கைப்பேசியில் அல்லது கொப்பியில். மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் மாற்றிய திகதியோடு ஓடிய மணித்தியாலத்தையும் கட்டாயம் எழுதுங்கள். மின்தடை கூடிய மாதத்தில் அது ஓடும் அளவு வேறு, மழைக்காலத்துக்குப் பிறகு வேறு.

தோட்டத்து நீரிறைப்பியின் சோலர் பனல் களவுபோனால், அது எங்கே இருக்கிறதென்று வில்லை காட்டுமா? (விவசாயி, ஒட்டுசுட்டான்)

காட்டாது. கருவி அருகே வந்தால்தான் அது வாய் திறக்கும். இடத்தைக் காட்டுவது ஜி.பி.எஸ். செய்யும் வேலை. ஆனால் பனல் பிடிபட்டால் அது உங்களுடையது என்று நிறுவ உதவும், தொடர் எண்ணையும் நீங்கள் குறித்து வைத்திருந்தால். இந்தியாவில் அரசுத் திட்டங்களுக்கான பனல்களில், தயாரிப்பாளர் பெயரும் தொடர் எண்ணும் அடங்கிய வில்லையைத் தொழிற்சாலையிலேயே வைக்கச் சொல்கிறார்கள். உங்களுடையது அங்கிருந்து வந்ததானால் ஏற்கெனவே ஒன்று இருக்கக்கூடும். புதிதாக ஒட்டுமுன் விற்றவரிடம் கேட்டுப் பாருங்கள்.