பெருந்தொற்றுக் காலத்தில் யார் சொல்வதைக் கேட்பது? சேலம் வாசகர்களுக்குப் பதில்கள்

கொரோனாக் காலத்தில் சேலத்தில் தொலைபேசி வழியே மக்களுக்கு நோய்த்தடுப்பு ஆலோசனை வழங்கிய, ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

அம்மாப்பேட்டை, தறிக்கூட உரிமையாளர்: ஐயா, அறிவுரை ஒரே மையத்திலிருந்து வர வேண்டும் என்கிறீர்கள். ஆனால் முதலில் முகக்கவசம் தேவையில்லை என்றார்கள், பிறகு கட்டாயம் என்றார்கள். ஒரே மையத்தை நம்பி என்ன பயன்?

அறிவுரை மாறியதில் தவறில்லை. மாறியதற்கான காரணத்தை எங்களைப் போன்றவர்கள் மக்களிடம் சரியாக எடுத்துச் சொல்லாததுதான் தவறு. அறிகுறி தோன்றும் முன்பே ஒருவரிடமிருந்து நோய் பரவக்கூடும் என்பது தெளிவாகத் தெளிவாக, 2020 ஜூன் மாதத்தில் உலக சுகாதார அமைப்பு, இடைவெளி விட இயலாத பொது இடங்களில் மக்கள் துணிக் கவசம் அணியலாம் என்று தன் நிலையை மாற்றிக்கொண்டது. ஆகவே மையத்திலிருந்து வரும் ஒவ்வோர் அறிவுரையிலும் தேதியும் காரணமும் இருந்தாக வேண்டும். தேதியில்லாத செய்தியை, அது யார் பெயரில் வந்தாலும், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் கூடத்தில் தறிச் சத்தத்தை மீறிக் காதருகே வந்து உரக்கப் பேசுவார்கள் அல்லவா? உரத்த பேச்சில் வாயிலிருந்து வெளிப்படும் துகள்கள் மிகுதி என்பதால், அங்கே கவசமும் திறந்த சன்னல்களும் மிகவும் தேவை.

செவ்வாய்ப்பேட்டை: பிளீச்சிங் பவுடரை எவ்வளவு கலப்பது?

புதிய பவுடரில் 30 விழுக்காடு அளவுக்குக் குளோரின் இருக்குமானால், லிட்டருக்கு 3 கிராம் கலந்த நீர் கதவுக் கைப்பிடி போன்றவற்றைத் துடைக்கப் போதும். கழிவறை ஆசிட்டுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

கொண்டலாம்பட்டி: பிளீச்சிங் பவுடர் கலந்த நீரை ஆட்கள் மீது தெளிக்கலாமா?

கூடாது. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஏற்காடு, காப்பித் தோட்ட மேற்பார்வையாளர்: சென்னையில் எழுதும் அறிவுரை மலைக்கு எப்படிப் பொருந்தும்? அந்தந்த ஊரே முடிவெடுக்கட்டுமே.

பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். நோய் எப்படிப் பரவுகிறது, எப்போது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பவை ஊருக்கு ஊர் மாறாதவை. அவற்றை ஒரே இடத்திலிருந்துதான் சொல்ல வேண்டும். அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் குடியிருப்பில் 'தனி அறையில் இருங்கள்' என்னும் அறிவுரை பயன்படாது. அங்கே பள்ளிக் கட்டடத்தையோ சமுதாயக் கூடத்தையோ முன்கூட்டியே ஒதுக்கிவைத்தால்தான் அது நிறைவேறும். கைப்பேசிச் சிக்னல் கிடைக்காத சிற்றூர்களுக்குக் குறுஞ்செய்தியை நம்பாமல், கிராம சுகாதார செவிலியர் வழியாகவே செய்தியைச் சேர்க்க வேண்டும்.

அவரே மீண்டும்: அப்படியானால், ஊர் எல்லையில் முள் வெட்டிப் போட்டு வெளியாரைத் தடுத்தது தவறா? எங்கள் ஊர் அதனால்தான் தப்பித்தது.

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த முள் பிரசவ வலியில் இருப்பவரை ஏற்றிவரும் வண்டியையும் தடுக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வர வேண்டிய நோயாளிக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வருபவரைத் திருப்பி அனுப்பினால் அவர் வேறு வழியாக, யாரிடமும் சொல்லாமல் வருவார். பெயரை எழுதிக்கொண்டு தங்க இடமும் உணவும் கொடுத்தால், அவருக்குக் காய்ச்சல் வந்த அன்றே உங்களுக்குத் தெரியும்.

சூரமங்கலம், அஸ்தம்பட்டி மற்றும் நால்வர்: தெருவில் மஞ்சள் நீர் தெளித்தால் கிருமி சாகுமா?

ஆறு பேருக்கும் ஒரே பதில்: கொரோனா தெருத் தரையிலிருந்து வரவில்லை, அடைத்த அறையின் காற்றிலிருந்து வந்தது. சன்னலைத் திறந்து வையுங்கள். இந்தக் கேள்வியை இனி அனுப்ப வேண்டாம்.

நாகலூர்: அப்பாவுக்குக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி 91 காட்டுகிறது.

குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் கருவி தவறாகக் காட்டக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் மூச்சு வாங்கும்போது அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்காதீர்கள். என் அடுத்த பதிலுக்கும் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.