முற்றிய புற்றுநோயில் வலிக்கு மார்பின் கொடுக்கலாமா? பழக்கமாகிவிடாதா?

மருத்துவர் எழுதிக்கொடுத்த மார்பின் (morphine; அபின் வகையைச் சேர்ந்த கடும் வலிநிவாரணி) மாத்திரையைப் பயந்துகொண்டு மூன்று நாட்களாக அப்பாவுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். தயவுசெய்து அவர் சொன்ன அளவில் இன்றே தொடங்குங்கள். இதே தவறை என் அம்மாவுக்கு நானும் செய்தேன்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புவரை பரவியிருந்தது. 'தாங்க முடியாதபோது மட்டும் கொடுப்போம்' என்று நானாகவே முடிவெடுத்துக்கொண்டேன். "அந்த மாத்திரையைத் தொட்டால் ஆள் தேறாது" என்று பெரியம்மா வேறு பயமுறுத்தினார். அம்மாவோ வாய் திறந்து கேட்க மாட்டார். கட்டில் சட்டத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போவதைப் பார்த்துத்தான் வலியைத் தெரிந்துகொள்வேன். அதன்பின் மாத்திரை கொடுத்தால், அது வேலை செய்ய அரைமணி, முக்கால்மணி ஆகும். அவ்வளவு நேரமும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்.

வீட்டுக்கு வந்த செவிலியர்தான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டினார்: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. இரவில் மட்டும் மருத்துவர் சொன்னபடி இரட்டிப்பு அளவு. நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டியதில்லை. "வலி வந்தபிறகு துரத்தாதீர்கள், வருவதற்கு முன்பே கொடுங்கள்" என்றார். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொன்ன முறைதான் இது. நான்காம் நாள் அம்மா முறத்தைக் கேட்டு வாங்கி முருங்கைக்கீரை ஆய்ந்தார்.

பழக்கமாகிவிடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும்போது போதை அடிமைத்தனம் வருவது மிக அரிது. பிறகு மருத்துவர் அளவைக் கூட்டினால், பெரும்பாலும் நோய் வளர்ந்திருக்கிறது என்றுதான் பொருள். ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் விடாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். நாங்கள் இதை விட்டுவிட்டு ஒரு வாரம் அம்மாவை வதைத்தோம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். எழுப்பியும் எழாமல், மூச்சு மிக மெதுவானால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எரிச்சலாக, மின்சாரம் பாய்வதுபோல் வலித்தால் அது நரம்பு வலி. அதற்கு மார்பின் மட்டும் பல நேரம் போதாது; அமிட்ரிப்டிலின், கேபபென்டின் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். எலும்பு வலிக்கு ஒரே ஒரு முறை தரும் கதிர்வீச்சுகூடப் பலருக்கு நல்ல பலன் தருகிறது. அம்மாவுக்குத் தந்தது.

மார்பின் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அப்படி முடக்கிவைத்திருந்தது. 2014 திருத்தம் வழியை எளிதாக்கியது. தமிழ்நாட்டில் இருந்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஒரு நோட்டில் நேரம், மாத்திரை, அப்பா சொல்லும் வலி அளவு (0 முதல் 10 வரை) மூன்றையும் குறித்து வாருங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நோட்டை முதலில் நீட்டுங்கள்.