வயதானால் எலும்பு மஜ்ஜையில் என்ன நடக்கிறது? நீலகிரி வாசகர்களுக்குப் பதில்கள்

(பதில் சொல்பவர் மஜ்ஜை ஸ்லைடுகளைப் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்த குன்னூர்க்காரர்.)

கோத்தகிரி, தேயிலை விவசாயி: மேடம், எனக்கு 68. வயதானால் மஜ்ஜை கொழுப்பாகிவிடுமாமே, ரத்தம் ஊறாதா?

ஊறும் ஐயா. கொழுப்பு கூடுவது உண்மைதான். 100இல் இருந்து வயதைக் கழித்தால், இடுப்பெலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறும் செல்கள் எத்தனை சதவீதம் என்று தோராயமாகத் தெரியும். உங்களுக்கு 32. அது தாராளம். ஹீமோகுளோபின் குறைந்தால் மட்டும் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். இரும்புச்சத்து, பி12, சிறுநீரகம் எல்லாம் பார்த்தே ஆக வேண்டும்.

ஊட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியை: வெள்ளையணு எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது. ஆனாலும் நோய் சீக்கிரம் தொற்றுகிறதே?

எண்ணிக்கை சரி, கலவைதான் மாறிவிடுகிறது டீச்சர். வயதான மஜ்ஜையில் ஸ்டெம் செல்கள் (எல்லா ரத்த அணுக்களையும் பெற்றெடுக்கும் தாய்ச்செல்கள்) குறைவதில்லை, கூடவே செய்கின்றன. ஆனால் திறமை குறைந்துவிடும். கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில், மோனோசைட் பக்கமே சாய்ந்து, எதிர்ப்புப்பொருள் தயாரிக்கும் வகையான புது பி செல்களைக் குறைவாகத் தருகின்றன. கிருமி தொற்றிய செல்களைத் தாக்கும் டி செல்கள் பக்குவப்படும் தைமஸோ (நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள சுரப்பி) பருவ வயதிலிருந்தே சுருங்கி வருகிறது. அதனால் இதுவரை பார்க்காத கிருமி வந்தால் தடுமாற்றம். பழைய கிருமிகளின் கதை வேறு. சிறுவயதுத் தடுப்பூசிகளுக்கு எதிர்ப்புப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் மஜ்ஜையிலேயே பல பத்தாண்டுகள் குடியிருக்கும். எனக்கு இன்றும் வியப்பு இதுதான். ஆனால் அந்த இடத்தில் வயதோடு அழற்சி கூடுகிறது. களைத்துப்போன டி செல்கள் சேர்ந்து அதை இன்னும் கிளறிவிடுகின்றன.

குன்னூர்: அப்படியானால் இந்த வயதில் தடுப்பூசி வீணா?

இல்லவே இல்லை. பலன் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். அக்கிக்கான புதிய தடுப்பூசி, ஆய்வுகளில் 50 தாண்டியவர்களுக்கு 97 சதவீதமும் 70 தாண்டியவர்களுக்கு ஏறத்தாழ 90 சதவீதமும் காத்தது. ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி, அப்புறம் நிமோனியா ஊசி பற்றியும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நாய் கடித்தால் வயதைப் பற்றி யோசிக்கவே கூடாது, உடனே ஊசி. வெறிநாய்க்கடி ஊசிக்குப் பெயர்போன பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா!

ஊட்டி: மலை உயரம் மஜ்ஜையைக் கெடுக்குமா?

கெடுக்காது. 2,240 மீட்டரில் ஆக்சிஜன் சற்றுக் குறைவு என்பதால் சிவப்பணு கொஞ்சம் கூடுதலாக ஊறலாம்.

கூடலூர்: அப்பாவுக்கு 74. ஒரே ஸ்டெம் செல்லின் வாரிசுகள் ரத்தத்தில் பெருகியிருப்பதாகச் சொல்கிறார்கள். ரத்தப் புற்றுநோயா?

இல்லை தம்பி. 70 தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது இருக்கும் என்று 2014இல் வந்த ஆய்வுகள் காட்டின. புற்றுநோயாக மாறுவது ஆண்டுக்கு 0.5 முதல் 1 சதவீதம் பேருக்குத்தான். நான் அதிகம் கவலைப்படுவது இதயத்தைப் பற்றி. அந்த வாரிசுச் செல்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சியைத் தூண்டுவதால் மாரடைப்பு வாய்ப்பு கூடுகிறது. அப்பா பீடி பிடித்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பிரஷர், கொலஸ்ட்ரால், சர்க்கரை மூன்றையும் கட்டுக்குள் வையுங்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ரத்தநோய் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.