பிரெஞ்சு, ஜெர்மன், குரோஷியன்ல ‘இன்னும்’ எப்படி சொல்லுவாங்க, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுமா?

நிறையவே ஒத்துப்போகும். பிரெஞ்சுல ஆன்கோர், ஜெர்மன்ல நொஹ், குரோஷியன்ல யோஷ். நம்ம ‘இன்னும்’ மாதிரியே மூணும் ரெண்டு வேலை பார்க்கும், ‘இன்னும் இங்கதான் இருக்கான்’னும் வரும், ‘இன்னும் கொஞ்சம்’னும் வரும் (யோஷ் மாலோ), அதனால தமிழ்க்காரங்களுக்கு இது ரொம்ப ஈஸி.

ஆனா ஆன்கோருக்கு ‘மறுபடியும்’னும் அர்த்தம் இருக்கு, அங்கதான் குழம்பும். அதுக்கு ஜெர்மன்ல வீடர், குரோஷியன்ல ஓபெட்னு தனி வார்த்தை இருக்கு.

எனக்கு ரொம்ப பிடிச்சது ‘இனிமே இல்ல’தான். மூணு மொழியும் ‘அதிகம்’ங்கிற வார்த்தையோட ‘இல்லை’யை சேர்த்துதான் இதை சொல்லுது, ஜெர்மன்ல நிஹ்ட் மேர், குரோஷியன்ல விஷே நெ, பிரெஞ்சுல நெ... ப்ளூ. பேச்சுல பிரெஞ்சுக்காரங்க அந்த நெ-யை முழுங்கிடுவாங்க, அப்போ ‘ஜான் வெ ப்ளூ’ன்னா எனக்கு இனிமே வேண்டாம், கடைசில ஸ் சேர்த்து ‘ப்ளூஸ்’னா இன்னும் வேணும். எழுத்துல ரெண்டும் ஒண்ணுதான், அதனால காதால கேட்டுப் பழகுங்க ப்ளீஸ்.

‘இன்னும் இல்ல’ சிம்பிள்: பாஸ் ஆன்கோர், நொஹ் நிஹ்ட், யோஷ் நெ.