வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவான இடத்தை கான்ட்ராக்டர் இல்லாமல் நாமே தோட்டமாக மாற்ற முடியுமா?

முடியும். எங்களுக்கு முடிந்தது, ஒரு தடவை இடிந்து விழுந்த பிறகு.

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் மாமியார் வீடு. நாங்கள் இருப்பது கீழே சேலத்தில். சனிக்கிழமை மதியம் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போனால் ஞாயிறு இரவு இறங்குவோம். மொத்த வேலையும் அந்த ஒன்றரை நாள்களில் நடந்ததுதான். வீட்டுப் பொடக்காலி, அதாவது கொல்லைப்புறம், 40 அடி நீளம், 25 அடி அகலம். வீட்டுச் சுவரிலிருந்து கடைசி வேலிக்குப் போவதற்குள் 10 அடி இறக்கம். துணி காயப்போடப் போனால் ஒரு கையால் கொய்யா மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஆசை எல்லாம் சமதரை மேல்தான். அதனால் நடுவில் குறுக்கே 4 அடி உயரத்துக்குக் கருங்கல் சுவர் எழுப்பி, பின்னால் மண்ணைக் கொட்டி நிரப்பினோம். நல்ல சிமெண்ட் கலவை. ஒரு ஓட்டை கிடையாது. “ஓட்டை விட்டால் மண் கரைந்து வெளியே வந்துவிடும்” என்று அறிவாளி மாதிரி சொன்னது நான்தான். சித்திரையில் கட்டியது, ஐப்பசி வரை ராஜா மாதிரி நின்றது. அடைமழை பிடித்த நாலாம் நாள் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. அன்று ராத்திரி விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற மாதிரி ‘தொப்’ என்று ஒன்று. காலையில் பார்த்தால் மாமியாரின் துவைக்கிற கல் வேலி ஓரம் கிடந்தது. புதினாப் பாத்தி மட்டும் ஒரு இலை கசங்காமல், பாயை இழுத்துப் போட்டது போல ஆறடி கீழே போய் உட்கார்ந்திருந்தது.

பக்கத்து வீட்டுத் தாத்தா எஸ்டேட்டில் கல் கட்டு வேலை பார்த்தவர். வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்துவிட்டு, “கல்லெல்லாம் சரியாத்தான் இருக்குது கண்ணு. தண்ணிக்கு வழி எங்க?” என்று கேட்டார். அவ்வளவுதான். நீங்கள் கேட்ட கேள்விக்கும் பாதிப் பதில் அதுதான். சுவரைத் தள்ளுவது மண் மட்டும் இல்லை. வெளியேற வழியில்லாமல் பின்னால் தேங்கும் தண்ணீரும் சேர்ந்து தள்ளும். ஊறிய மண் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 2 டன் எடை வரும்.

அதனால் இரண்டாவது தடவை கல்லைத் தொடுவதற்கு முன்னால், மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு பொடக்காலியில் நின்று பார்த்தேன். எங்கிருந்து தண்ணீர் வருகிறது, எங்கே வேகம் எடுக்கிறது, எங்கே மண் கலந்து சிவப்பாகிறது என்று. வந்த தண்ணீரில் பாதி எங்கள் கூரைத் தண்ணீர்! கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். எங்கள் கூரை 800 சதுர அடி, அதாவது சுமார் 74 சதுர மீட்டர். ஒரே ராத்திரியில் 50 மி.மீ. பெய்தால் 3,700 லிட்டர். அத்தனையும் தாழ்வாரத்திலிருந்து நேராக என் சுவருக்குப் பின்னால்தான் இறங்கியிருக்கிறது. முதல் செலவாகக் கூரைக்குத் தகரத் தூம்பு வைத்து, பிவிசி குழாய் வழியாகப் பக்க வேலியை ஒட்டி அடிவரைக்கும் இறக்கினோம். சுவருக்கு முன்பே இதைச் செய்யுங்கள். உங்கள் இடம் எங்களுடையதற்கு நேர்மாறாக வீட்டை நோக்கிச் சரிகிறது என்றால், வீட்டுக்கு மேல் பக்கம் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். அது இல்லாமல் மற்ற எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்து மட்டம் பார்ப்பது. கண்ணை நம்பவே கூடாது, மலையில் எல்லாமே கொஞ்சம் சாய்ந்துதான் தெரியும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற நீளமான ஒரு பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு பேர் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி மாட்டியிருந்தாலும் அளவு தப்பு. சுண்டிச் சுண்டி எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். நானும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டது இந்த வேலையில்தான் அதிகம்.

10 அடி இறக்கத்தை ஒரே சுவரில் பிடிக்கப் பார்க்காமல் மூன்று தட்டாகப் பிரித்தோம். ஒவ்வொரு கல் கட்டும் இரண்டரை அடி. மீதி இரண்டரை அடி இறக்கத்தை அப்படியே சரிவாக விட்டோம். எல்லாவற்றையும் சமதரை ஆக்கியே தீருவேன் என்று நிற்பது வீம்பு. 3 அடிக்கு மேல் போகிற சுவரும், வீட்டு அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் வருகிற சுவரும் நம் கைவேலை இல்லை. அதற்கு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மலையில் மண் வெட்ட ஜேசிபி கொண்டுவருவதாக இருந்தால் முதலில் தாலுகா ஆபீசில் விசாரியுங்கள். நாங்கள் கடப்பாரை, மண்வெட்டி, இரும்புப் பாண்டு ஆகியவற்றோடு முடித்துக்கொண்டோம்.

இந்தத் தடவை சிமெண்ட் இல்லை. விழுந்த கல்லையே அடுக்கினோம். அடியில் ஓர் அடி ஆழம் தோண்டி, இருப்பதிலேயே பெரிய கற்களை அதில் புதைத்தோம். அடி அகலம் ஒன்றரை அடி. தாத்தா சொன்ன ஒரு கணக்கு: ஒவ்வோர் அடி உயரத்துக்கும் 2 அங்குலம் மேட்டுப் பக்கம் சாய வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, “நேரா நிக்கறவனத் தள்ளுனா விழுவான். சாஞ்சு முட்டுக் குடுத்து நிக்கறவனத் தள்ளிப் பாரு” என்றார்.

கல் அடுக்குவதை முதல் இரண்டு வாரம் நான் தப்பாகத்தான் செய்தேன். அழகான முகத்தை வெளியே காட்டி, கல்லை அகலவாக்கில் ஒட்டவைத்துக்கொண்டே போனேன். நீளவாக்கில் உள்ளே போக வேண்டுமாம். கல்லின் வால் மண்ணுக்குள் இருக்க வேண்டும், மூஞ்சி மட்டும் வெளியே. வைத்ததும் ஒரு கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ‘லொடக்’ என்றால் எடுத்துத் திருப்பி வேறு முகத்தில் உட்கார வைக்க வேண்டும். நாலைந்து தடவை திருப்பினால் ஏதோ ஒரு முகத்தில் கம்மென்று உட்கார்ந்துவிடும். அப்புறம் சில்லுக் கல்லைப் பின்பக்கமிருந்து செருகிச் சுத்தியலால் ஒரு தட்டு. முன்பக்கமிருந்து செருகினால் ஒரு நாள் உருவிக்கொண்டு விழும். கீழ் வரிசை இணைப்புக்கு நேர்மேலே இன்னொரு இணைப்பு வரவே கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து நிமிர்ந்தால் எட்டடி நீளம் முடியும். திங்கட்கிழமை ஆபீசில் உட்கார முடியாது.

கட்டுக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு வெறும் ஜல்லி. அதற்குப் பின்னால்தான் மண். மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு திமிசுக் கட்டையால் இடித்து, அடுத்த அடுக்கு. மொத்தமாகக் கொட்டி மேலே குதித்தால் இறுகாது, அடுத்த மழையில் உட்கார்ந்துவிடும். மேல் மண்ணை மட்டும் முதலிலேயே தனியாக அள்ளி வையுங்கள், கடைசியில் செடிக்கு அதுதான் வேண்டும். நாங்கள் அதை ஜவ்வரிசிச் சாக்குகளில் கட்டி அடுக்கிவைத்தோம். சேலத்துக்காரர்களுக்குச் சாக்குக்கா பஞ்சம்? மழை வந்தபோது அந்த மூட்டைகளே தற்காலிக அணையாகவும் நின்றன.

தட்டின் தரை வெளிப்பக்கம் சரியக் கூடாது. லேசாக மேட்டுப் பக்கம் சாய்ந்து, அங்கே ஒரு சின்ன வாய்க்காலில் தண்ணீர் சேர்ந்து, பக்கவாட்டில் குழாய்க்குப் போக வேண்டும். 25 அடி அகலத்துக்கு 3 அங்குலச் சரிவு கொடுத்தோம். காப்பித் தோட்டங்களில் செடி வரிசைகளுக்கு நடுவே தொட்டில் மாதிரி நீளக் குழி வெட்டியிருப்பார்கள். ஓடுகிற தண்ணீரை நிற்க வைக்கிற தந்திரம் அது. அதே மாதிரி இரண்டு குழிகளைச் சரிவாக விட்ட பகுதியில் வெட்டினோம். கல் கட்டை ஒட்டி மட்டும் குழி வேண்டாம்.

நடைபாதை நேராக இறங்க வேண்டாம். மலைப்பாதை எப்படி வளைந்து வளைந்து ஏறுகிறதோ அப்படி, எங்களுக்கு மூன்றே வளைவு. படி வைக்கிற இடத்தில் உயரம் 6 அங்குலம், கால் வைக்கும் அகலம் ஓர் அடிக்குக் குறையாமல். மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

செடி விஷயம் சுலபம். தட்டின் விளிம்பில் வெட்டிவேர், நெருக்கமாக ஒரு வரிசை. அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக 2, 3 மீட்டர் இறங்கும். சரிவில் எலுமிச்சைப் புல். வாழையை விளிம்பில் வைக்காதீர்கள், காற்றில் சாயும்போது கல்லையும் பெயர்த்துக்கொண்டு போகும். எங்களுக்கு ஒன்று போனது. நடவு ஆடியில் முடிந்தால் ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். கூலிக்கு ஆள் வைப்பதாக இருந்தால் காப்பிப் பழம் பறிக்கிற மார்கழி பக்கம் வேண்டாம், ஒருவரும் வர மாட்டார்கள்.

இரண்டு ஐப்பசி தாண்டிவிட்டது. முதல் மழைக்காலத்தில் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன், கல் இடுக்குகளில் எல்லாம் தெளிந்த தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. மண் கலந்து கலங்கலாக வந்திருந்தால் பயந்திருப்பேன். மூன்றாவது தட்டு இன்னும் காலிதான். மாமியார் சௌசௌ பந்தல் என்கிறார், வீட்டுக்காரர் ஊஞ்சல் என்கிறார். இப்போதைக்கு மீந்த கல் அங்கே கிடக்கிறது, துவைக்கிற கல்லும் அதன் மேல்தான்.