வாசகர் கேள்விகள்: சதுப்பின் ஓரம் நடக்கப் போகிறீர்களா?

மலை ஓடைக்கரைச் சதுப்புகளைப் பற்றி நீலகிரி, கொடைக்கானல் பக்கம் போகிற வாசகர்களும் அங்கேயே இருக்கிற வாசகர்களும் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கே: கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்திருக்கிறதாமே? பிள்ளைகளோடு போகலாம் என்று இருக்கிறோம். ஏரி எந்தப் பக்கம், படகு உண்டா? – கோவை வாசகி

ஏரியும் இல்லை, படகும் இல்லை. பிள்ளைகளிடம் இதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2024 ஜனவரியில் சேர்ந்த லாங்வுட் சோலை, சுமார் 116 ஹெக்டேர் பரப்புள்ள காடு. மழையைக் குடித்து, மெல்ல மெல்லக் கசியவிட்டு, ஊர்களுக்குக் குடிநீர் தருவதால்தான் அது ஈரநிலம். கண்ணுக்குத் தெரிவது பாசி படர்ந்த மரமும், காலடியில் ஊறும் நீரும், சிற்றோடையும்தான்.

திறந்தவெளிச் சதுப்பு வேறு வகை. இரண்டு புல்சரிவுகள் சேரும் பள்ளத்தில் ஓடை தேங்கி நிற்கும். குளிரும் நீரும் சேர்ந்து காய்ந்த புல்லை மக்கவிடாது. அது அடுக்கடுக்காகப் படிந்து கறுப்புக் கரிமண்ணாகிறது. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லா பள்ளத்தில் இப்படிப் படிந்த மண்ணில் 20,000 ஆண்டுகளுக்கும் முந்தைய அடுக்குகள் உண்டு. பழைய காலத்தில் இங்கே மழை எப்படிப் பெய்தது என்பதை ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். இந்த மண் நனைந்த பஞ்சு மெத்தையைப் போன்றது: மழையில் வாங்கிக்கொள்ளும், கோடையில் விடும். சதுப்புகள் பல ஏற்கெனவே தண்ணீருக்கடியில் போய்விட்டன. 1863-ல் உருவான கொடைக்கானல் ஏரிகூடச் சதுப்பு நிலத்து ஓடையை மறித்துக் கட்டியதுதான். மிச்சம் இருப்பவற்றை ஓரத்தில் நின்று பார்ப்பதே முறை. உள்ளே இறங்குவதில் என்ன கெடுதல் என்பதை அடுத்த பதில்களில் சொல்கிறோம்.

லாங்வுட் போகுமுன் கோத்தகிரி வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைவது 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வெளியூர் வண்டி என்றால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்.

கே: எந்த மாதம், எத்தனை மணிக்குப் போவது நல்லது? – திருப்பூர் வாசகர்

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் பெருமழை அக்டோபர், நவம்பரில். அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் குறைவு, கூட்டம் அதிகம்.

ஜனவரியில் விடியற்காலையிலேயே போய் நிற்காதீர்கள். குளிர்காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தங்கும். அதனால்தான் மேலே தேயிலையில் ஒன்றுமில்லாத நாளிலும் சதுப்புக் கோரை முழுக்க உறைபனி வெளுத்திருக்கும். வெயில் பள்ளத்தைத் தொட எட்டு மணி ஆகும், பறவையும் பூச்சியும் அதற்குப் பிறகுதான். உறைந்த கோரை மிதித்தால் முறியும். எட்டு முதல் பத்தரை, மாலை மூன்றரை முதல் ஐந்து. ஐந்துக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது; காரணம் கரடி.

கே: பார்க்கப் புல்தரை போல இருந்த இடத்தில் கால் வைத்ததும் முழங்கால் வரை புதைந்துவிட்டது. ஷூ உள்ளேயே போய்விட்டது. இதற்கு என்ன செய்வது? – உதகை வாசகர்

நீங்கள் கால் வைத்தது புல்தரையே அல்ல. கோரையின் வேர்கள் பின்னி ஒரு பாய் போல மேலே இருக்கும், அடியில் நீர் கலந்த கறுப்புச் சேறு. பாயைக் கால் கிழித்ததும் இறங்கிவிடும்.

அடையாளம் காண மூன்று வழி. ஒன்று, நிறம்: மேட்டுப் புல் வெளிறியிருக்கும்போது ஓரிடம் மட்டும் கரும்பச்சையாக, உருண்டைத் தண்டுள்ள கோரையாக இருந்தால் அது ஈரம். இரண்டு, எட்டு வைக்கும்போது ஒரு மீட்டர் தள்ளியிருக்கிற செடி ஆடினால் நீங்கள் பாயின் மேல் நிற்கிறீர்கள், வந்த வழியே திரும்புங்கள். மூன்று, கையில் ஒன்றரை மீட்டர்க் கம்பு. உடல் பாரத்தில் பாதியைக் கொடுத்து ஊன்றிப் பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் அங்கே நடக்க வேண்டாம். மாட்டுத்தடம் இருக்கிறதே என்று நம்பக் கூடாது. எருமை வயிறு வரை புதைந்தும் நடந்து போகும்.

புதைந்துவிட்டால் காலை நேராக மேலே இழுக்காதீர்கள். பாதத்துக்கு அடியில் காற்றுப் புக வழியில்லாததால் சேறு உறிஞ்சிப் பிடிக்கும், இழுக்க இழுக்க மற்றக் கால் இறங்கும். பின்பக்கம் கெட்டியாக இருந்த இடத்தில் அப்படியே உட்காருங்கள். கம்பைக் குறுக்கே போட்டு அதன்மேல் கைகளை ஊன்றுங்கள். கணுக்காலை முன்னும் பின்னும் அசைத்தால் பக்கவாட்டில் நீர் இறங்கிப் பிடி தளரும். பிறகு குதிகாலை முதலில் தூக்கி, பாதத்தைச் சாய்த்து எடுங்கள். உதவிக்கு வருகிறவர் கெட்டித் தரையில் நின்று கம்பை நீட்டினால் போதும். பக்கத்தில் வந்தால் அவரும் புதைவார்.

ஷூ விஷயம்: ஒரு அளவு பெரிய கம்பூட்தான் சேற்றில் கழன்று போகிறது. சரியான அளவில், தடித்த காலுறையோடு போடுங்கள். ஆனால் ஓடைப் பாறையில் கம்பூட் வழுக்கும், அங்கே பள்ளமான அடியுள்ள கான்வாஸ் ஷூ மேல்.

உங்கள் கால் போனதைவிட அந்த ஓட்டைதான் பெரிய சேதம். ஒரே இடத்தில் பலர் மிதித்தால் பாய் கிழிந்து கோடு விழும். கோடு வாய்க்காலாகும். வாய்க்கால் வழியே தண்ணீர் சீக்கிரம் வடிந்தால் கரிமண் காய்ந்து சுருங்கும். காய்ந்த கரிமண் பழையபடி நீர் பிடிப்பதில்லை, தீயும் பிடிக்கும்.

கே: அட்டைக்கு உப்பா, புகையிலையா? – மதுரை வாசகர்

இரண்டைவிடத் துணி மேல். நெருக்கமாக நெய்த காடாத் துணியில் முழங்கால் வரை உறை தைத்து, காலுறைக்கும் பேன்ட்டுக்கும் மேலே போட்டு, முழங்காலுக்குக் கீழே நாடா கட்டுங்கள். பின்னல் காலுறை மட்டும் போதாது, அட்டை மெலிந்து இழை வழியே நுழைந்துவிடும். புகையிலைத் தண்ணீரோ சுண்ணாம்போ தடவினால் வேலை செய்யும், ஆனால் முதல் மழையோடு போய்விடும். போவது ஓடைக்கு. தவளைக்குத் தோல்தான் மூக்கு. உப்பும் புகையிலையும் அதற்கு நஞ்சு. உப்பு வேண்டுமென்றால் சிறு துணி மூட்டையாகக் கம்பு நுனியில் கட்டி, ஷூவில் ஏறுகிற அட்டையைத் தொட்டு உதறுங்கள். தரையில் தூவ வேண்டாம்.

கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்பு போடுவதும் நெருப்பு வைப்பதும் தவறு. அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கும். மெல்லிய முனைதான் வாய். தோலோடு ஒட்டி நகத்தைத் தள்ளி அதை விடுவித்து, பிறகு தடித்த முனையை எடுங்கள். அட்டையின் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் கசிவு மணிக்கணக்கில் நீளலாம். சோப்பு போட்டுக் கழுவி அழுத்திக் கட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மழைக்காலத்தில் இந்த நடையைத் தவிர்ப்பது நல்லது.

கே: ஓடையோரம் யாரோ சீட்டியடிப்பது போல ஒரு குரல். ஆளைக் காணோம். என்ன அது? எந்தப் பைனாகுலர் வாங்கலாம்? – குன்னூர் வாசகர்

சீகாரப் பூங்குருவி. கருநீலம், தோளில் பளிச்சென்று நீலத்திட்டு. பாறை இடுக்கில், அருவி ஓரம் கூடு வைக்கும். நீரோசையை மீறிக் கேட்கிற குரல் என்பதால் தூரத்தைத் தவறாகக் கணக்கிடுவீர்கள்; பாறையின் நிழல்பக்கம் தேடுங்கள். வாலை ஆட்டிக்கொண்டு கல்லுக்குக் கல் தாவும் மஞ்சள் வயிற்றுக் குருவி சாம்பல் வாலாட்டி. வடக்கே இருந்து குளிர்காலத்துக்கு வருவது. கோரைக்குள் உள்ளான் இருக்கும். கடைசி நொடி வரை அசையாமல் பதுங்கி, மிதிக்கப் போகையில்தான் எழும். ஓரத்தில் நிற்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீலகிரியில் சிரிப்பான் பறவையைப் பார்த்துவிட்டுக் கொடைக்கானல் போனால் அங்கே வேறு மாதிரி இருக்கும், குழம்ப வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் நடுவே பிரிப்பதால் அங்கே இருப்பது பழனி சிரிப்பான். நீலகிரி சிரிப்பானுக்கு மார்பு செங்கல் நிறம், பழனி சிரிப்பானுக்கு மார்பில் சாம்பல் கீற்று.

பைனாகுலரில் 8-க்கு 42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் கண்ணாடி. சோலை நிழலிலும் பனிமூட்டத்திலும் வெளிச்சம் போதும். பத்து மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் பையைத் திறக்காதீர்கள், கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். அரை மணி பைக்குள்ளேயே இருக்கட்டும்.

கே: எங்கள் வீட்டுப் பின்னால் ஓடை. அதில் வெள்ளை லில்லி நட்டால் அழகாக இருக்குமே? – கோத்தகிரி வாசகி

தொட்டியில் வையுங்கள், ஓடையில் வேண்டாம். காலா லில்லி தென்னாப்பிரிக்கச் செடி. கிழங்கு ஒரு துண்டு அடித்துப் போனாலும் கீழே முளைக்கும். முளைத்த இடத்தில் நம் கோரையும், பூச்சியைப் பிடித்துத் தின்னும் சிவப்பு அழுகண்ணிச் செடியும் ஒதுங்கிவிடும். ஏற்கெனவே இருந்தால் பூவை மட்டும் வெட்டிப் பயனில்லை, கிழங்கோடு தோண்டிக் காயவைத்து அழியுங்கள். சாறு வாயில் பட்டால் எரியும். கையுறை போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

கே: மாணவர்களை ஓடைக்கு அழைத்துப்போய் தண்ணீர் சுத்தமா என்று பார்க்க எளிய சோதனை உண்டா? – கொடைக்கானல் ஆசிரியை

உண்டு, செலவில்லாதது. குழுவுக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். வெள்ளைத் தட்டு ஒன்று, ஓவியத் தூரிகை ஒன்று, லென்ஸ் ஒன்று. கணுக்கால் ஆழத்தில், ஓட்டம் உள்ள இடத்தில், உள்ளங்கை அளவுக் கல்லை எடுத்து, தட்டில் ஓடை நீர் விட்டு, கல்லின் அடிப்பக்கத்தைத் தூரிகையால் மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். குழுவுக்கு ஐந்து கல் போதும்.

வாலில் இரண்டு முடி உள்ள தட்டைப் பூச்சி இருந்தால் தண்ணீர் மிக நல்லது. அதற்குக் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த நீர் வேண்டும். பெரும்பாலும் மூன்று முடியும், உடலின் இருபுறம் படபடக்கும் செவுளும் உள்ளவை, மணலும் குச்சியும் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்ட புழுக்கள், இவையும் நல்ல அறிகுறி. சிவப்புப் புழு மட்டுமே நெளிந்தால் மேலே எங்கோ சாக்கடை கலக்கிறது. காற்றுக் குறைந்த நீரிலும் பிழைக்க அதன் இரத்தச் சிவப்பு உதவுகிறது. மழைக்கு மறுநாள் செய்தால் முடிவு தவறும், வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துப்போயிருக்கும். கல்லை எடுத்த இடத்தில், எடுத்த பக்கமே கீழாக வைக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் அடியில் ஒட்டியிருக்கும் முட்டைகள் அழியும்.

தெளிந்த நீர் திடீரென்று பழுப்பாகி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே மழை. சாமானை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கரையேற்றுங்கள். நீர்மின் அணைகளுக்குக் கீழே உள்ள ஆற்றில் வெயில் நாளிலும் நீர் திறப்பார்கள். அங்கே இந்தப் பாடமே வேண்டாம்.

கே: காட்டெருமை எதிரே வந்தால்? – பண்ணைக்காடு வாசகர்

வழி அதனுடையது. ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் நில்லுங்கள். தலையை ஆட்டி மூச்சைச் சீறினால் முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு பின்வாங்கி, பெரிய மரத்தையோ பாறையையோ நடுவே விடுங்கள். ஓட வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம். அதற்கும் ஓடைக்கும் நடுவே நீங்கள் நிற்கக் கூடாது என்பதுதான் முக்கியம். கரடி என்றால் வளைவுகளில் பேசிக்கொண்டே நடங்கள். திடுக்கிட்டால்தான் அது தாக்கும்.

கே: ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா? – ஈரோடு வாசகர்

அப்படியே குடிக்கக் கூடாது. மேலே மாடு மேய்கிறது, கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் மருந்து அடிக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து போகாது. காய்ச்சுவதிலும் ஒன்று கவனியுங்கள்: ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே நன்றாகக் கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விடுங்கள், தரைநாட்டில் ஒரு நிமிடம் போதும். இதைவிட, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள்.