மகளுக்குத் தலைமைத்துவ டிப்ளோமாவா, சங்கச் செயலாளர் பொறுப்பா?

விசுவமடுவிலிருந்து ஒரு தாய் கேட்கிறார். மகள் உணவுத் தொழில்நுட்பத்தில் என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) 4 முடித்து, பழப்பானம் செய்யும் நிலையமொன்றில் வேலை. இப்போது ஆறு பேருக்குப் பொறுப்பாக நிற்கச் சொல்கிறார்கள். பிள்ளையோ வாய் திறக்காத சுபாவம். கொழும்பில் தலைமைத்துவ டிப்ளோமா படிக்கட்டும், முதல் தவணை நான் கட்டுறன் என்கிறாராம் கனடா மாமா. மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா?

அம்மா, பயப்படாதீர்கள், வேலையைப் பார்த்துத்தான் பொறுப்புக் கொடுத்திருப்பார்கள். ஆனால் நகையை வைக்க வேண்டாம். நுண்நிதிக் கடன் அறவே வேண்டாம். அது வன்னியில் எத்தனை வீடுகளை அழவைத்தது என்று உங்களுக்குத் தெரியும். மீதித் தவணை, கொழும்பு விடுதிச் செலவு, இழக்கும் சம்பளம் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். மாமா வற்புறுத்தினால் அந்த டிப்ளோமாவை நடத்தும் நிறுவனத்திடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது சரி, இந்தக் கற்கைநெறிக்குத் தர அங்கீகாரம் உண்டா? இரண்டும் வேறு. அங்கீகாரமில்லாத கற்கைநெறிக்கு என்.வி.கியூ சான்றிதழ் கிடைக்காது.

உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக் கொப்பியை அவள்தான் விருப்பத்தோடு எழுதுகிறாள் என்று இடையில் ஒரு வரி சொன்னீர்கள். அதைப் பிடியுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் செயலாளராக நிற்கட்டும்.

கூட்டத்துக்கு ஒரு கிழமை முதலே அறிவித்தல் போக வேண்டும்; மூன்று விடயத்துக்கு மேல் அதில் போடவேண்டாம். தொடக்கத்தில் சென்ற கூட்ட அறிக்கை வாசிப்பு. நிறைவெண், அதாவது முடிவெடுக்க வந்திருக்கவேண்டிய குறைந்தளவு ஆட்தொகை, பாராமல் எடுத்த முடிவை அடுத்த மாதம் ஒருவரும் மதிக்கமாட்டார்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே ஒரு பெயர், ஒரு திகதி. 'எல்லாரும் பார்ப்பம்' என்று எழுதினால் ஒருவரும் பாரார். சங்கக் கடனில் நிலுவை உள்ளவரைச் சபையில் பெயர் சொல்லிக் கேட்டால் அவர் பிறகு கூட்டத்துக்கே வரார். முதல்நாள் வீட்டுக்குப் போய், எந்தக் கிழமை எவ்வளவு தரமுடியும் என்று தனியே கேட்டு எழுத வேண்டும். கரையில் பேசாமல் இருப்பவரிடம் முதலில் கருத்துக் கேட்கவேண்டும்; நெடுகக் கதைப்பவர் கடைசியில் கதைக்கட்டும்.

வேலைத்தளத்திலும் இதே பழக்கந்தான். வேலை தொடங்கமுன் ஐந்து நிமிடம், நின்றபடி: நேற்று எது பிழைத்தது, இன்று எத்தனை போத்தல், யார் எந்த மேசை. மூடி இறுகாமல் போனால் ஆளைத் தனியே கூப்பிட்டு, நடந்ததை மட்டும் சொல்லி, செய்துகாட்டி, அவரைக்கொண்டே திரும்பச் செய்விக்கட்டும். கூச்சமுள்ள பிள்ளைகள் ஏசமாட்டார்கள். அவர்களுடைய பிழை வேறு. சொல்லக் கூசி, மற்றவரின் வேலையையும் தாங்களே செய்துவிட்டுக் களைத்துப் போவார்கள். வேலையை ஒப்படைக்கும்போது எவ்வளவு, எத்தனை மணிக்குள், தான் எப்போது வந்து பார்ப்பாள் என்று மூன்றையும் சொல்லட்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும்.

சான்றிதழ்தான் வேண்டுமென்றால் அடுத்தபடி என்.வி.கியூ 5, அது டிப்ளோமா தரம். கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில், அவளுடைய துறையில் அடுத்த அனுமதி எப்போது, வேலையோடு படிக்க வழியுண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். மாமா உதவ விரும்பினால் ஆறு மாதச் சிங்களப் பேச்சு வகுப்புக்கு அனுப்பட்டும். தெற்கிலிருந்து வரும் வாடிக்கையாளரோடு கதைக்க அது உதவும்.

செயலாளராக நிற்க அவளுக்கு மனமில்லை என்றால் தள்ளாதீர்கள். கணக்குக் கொப்பி அவள் கையிலேயே இருக்கட்டும். காலை ஐந்து நிமிடக் கூட்டத்தை மட்டும் வருகிற திங்கட்கிழமை தொடங்கட்டும்.